விரைவுமிதியின் இரு சாட்சிகள்

கார்த்திகை 6, திங்கள்

விடியலிலிருந்து விடாத மழை. கடலிரைச்சல் படுக்கையறை வரை. தொண்டையில் கரகரப்பு. மிளகுநீர் இருமுறை, தேன் ஒருமுறை. சனி மாலை சாய்ந்தமருதுக் கடற்கரையில் கடலரிப்புக் கூட்டம், நிறைவுரை என்னுடையது. தொடக்கம் இன்னும் அமையவில்லை. மூன்று வரி எழுதி மூன்றையும் அடித்தாயிற்று.

செய்ய வேண்டியவை: வெள்ளைச் சட்டை தோய்க்கக் கொடுத்தல். வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பின் காரில் சென்று கூட்ட அறிவிப்பு. அதற்கு முன் காரின் ஒலிபெருக்கியையும் ஒலிவாங்கியையும் சரிபார்த்தல். குசினிக் கூரை ஒழுக்கு.

இன்று இவற்றில் ஒன்றையும் தொடவில்லை.

பள்ளிக்கூடம் விட்ட பின் கார் வாசலுக்கு வந்தது. வந்தது என்பதினும் ஊர்ந்தது எனல் தகும். மாட்டுவண்டியின் வேகம். உள்ளே என் மனைவி நசீமா, முகம் வெளிறி, இரு கையாலும் சுக்கானைப் பற்றியபடி. இறங்கியவள் நனைந்துகொண்டே நின்றாள்.

"கண்ணாடியெல்லாம் ஒரே புகையாப் போச்சி. ஏசியப் போட்டுக்கிட்டு மதகுல ஏறினன். காரு அப்பிடியே சோந்து போச்சி. மிதிக்கன், மிதிக்கன், கேக்குதே இல்ல. பின்னால மண் டிப்பர்."

சொறிக்கல்முனைக்கு அப்பால், இருபுறமும் வயல், நடுவில் ஒடுங்கிய பாதை, வாய்க்காலுக்கு மேல் கைப்பிடியற்ற மதகு. டிப்பர்க்காரன் தடுப்பை அழுத்தி, வழுக்கி, இவள் காரை இடிக்காமல் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினானாம். ஒதுங்கிய இவளது முன்சக்கரம் மதகின் விளிம்பில். இறங்கி வந்து கத்தியிருக்கிறான்: "ஏன்கா, ஓட்டத் தெரியாட்டி வீட்ட இரிந்து சோறாக்க ஏலாதா?"

முன்தட்டில் இரு மஞ்சள் விளக்குகள் எரிந்தனவாம். ஒன்று இயந்திரப் படம். மற்றது, கார் வழுக்குவது போன்ற படம். வீட்டு வாசலில் நிறுத்தி, மீண்டும் முடுக்கியபோது இரண்டும் இல்லை.

சாவியை நாட்காட்டி ஆணியில் மாட்டினாள். "இனி இத நீங்களே வெச்சிக்கங்க."

ஐம்பதைத் தாண்டிய பின் ஓட்டப் பழகியவள். அந்தப் பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பிக்க வேறு ஆளில்லை. அந்நேரத்துக்குப் பேருந்தும் இல்லை. சாவி ஆணியில் தொங்கினால் பத்தாம் பதினோராம் வகுப்புகளும் அதே ஆணியில் தொங்கும்.

மாலை, அவளை 'ராத்தா' என்றழைக்கும் தம்பி ஹனீபா. தேநீருக்கு முன்பே தீர்ப்பு.

"மச்சான், ராத்தாட காலு பிறேக்கில இரிந்திருக்கும். இல்லாட்டி ரோட்டு வழுக்கினது. வழுக்குற லைட் பத்தினதெண்டு அவவே செல்றா தானே?"

உள்ளிருந்து குரல்: "என்ட காலு எங்க இரிந்த எண்டு எனக்குத் தெரியாதா ஹனீபா?"

நான் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். கல்முனைச் சந்தி வரை சென்று மீண்டேன். குதிரை போல் பாய்ந்தது. மழைச்சாரல் தோளை நனைத்தாலும் கண்ணாடியை இறக்கியே ஓட்டுவது என் வழக்கம்; செயற்கைக் குளிர் தொண்டைக்குப் பகை. புகை படிந்தால் துவாலை. ஒரு குறையும் காணேன்.

அவள் காலில்தான் பிழையோ என்று நானும் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. சோறு போடும்போது கரண்டி வைத்த ஓசையில் தெரிந்தது.


கார்த்திகை 7, செவ்வாய்

மழை விட்டு வெயில். விதைத்த வயல்களில் முளை. பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் மோட்டார்ச் சைக்கிளில் முன்செல்ல, நசீமா அவரது மனைவியோடு முச்சக்கர வண்டியில், பின் நடந்து, என்று ஒருவாறு போய்ச் சேர்ந்தாள். முதற் பாடவேளை போயிற்று.

காரைதீவு, தவராசாவின் கராஜ். தவம் என்றால்தான் ஊருக்குத் தெரியும். காரின் மின்வழிகளில் வல்லவர். அதை முதலில் சொல்பவரும் அவரே.

"கொழும்பில கைவிட்ட காரெல்லாம் என்ட வாசலுக்கு வந்துதான் உயிர் எடுத்தது சேர். இது என்ன, சும்மா தடிமன்."

கைக்கணினி ஒன்றைக் காரின் அடிவயிற்றில் செருகினார். கார் தன் நோயைத் தானே எழுதி வைத்திருக்கிறது! காலின் கட்டளைக்கும் இயந்திரம் காற்றிழுக்கும் கதவின் திறப்புக்கும் பொருத்தமில்லை என்று. எந்த நிலையில் நடந்தது என்றும்.

இன்று கற்றவை. எழுதாவிடில் உறக்கம் வராது.

மிதிக்கும் இயந்திரத்துக்கும் இடையே இப்போது கயிறு இல்லை. இயந்திரம் மூச்சிழுக்கும் குழலின் வாயில் ஒரு தட்டு, வட்டம், ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு. அதைத் திறந்து மூடுவது சிறு மின்பொறி. கால் செய்வதெல்லாம் ஒரு வேண்டுகோள். நடுவே ஒரு பெட்டி வேண்டுகோளை ஆராய்ந்து, கதவுக்கு ஆணையிடுகிறது. இதற்கு 'மூச்சுக்கதவு' என்று பெயரிட்டேன். விசைகூட்டும் மிதிக்கு 'விரைவுமிதி'.

தவம் சிரித்தார். "பேர் வடிவாத்தான் கிடக்கு சேர். நான் சொல்லுறன் கேளுங்க. காலுக்கும் எஞ்சினுக்கும் கலியாணம் முடிஞ்சி, ரெண்டு பேரும் வேற வேற வீட்டில இருக்கினம். நடுவில ஒரு புரோக்கர். அந்தப் பெட்டிதான் புரோக்கர். எல்லாக் கதையும் அவருக்கூடாகத்தான்."

"புரோக்கர் பொய் சொன்னால்?"

"அதுக்குத்தான் சாட்சி. மிதிக்குள்ள ரெண்டு உணரி கிடக்கு. ஒரே காலை ரெண்டு பேரும் பாக்கினம். ரெண்டு கணக்கில சொல்லினம். இஞ்ச பாருங்க."

திரையில் இரு எண்கள். நான் மிதியைத் தொட்டேன். இரண்டும் எழுந்தன. ஒன்று எப்போதும் மற்றதன் இருமடங்கு. மெல்ல அழுத்தினேன், மெல்ல. வேகமாக விட்டேன், வேகமாக. இருவர் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு அளவுகோலில், ஒருவரையொருவர் பாராமல் சொல்லும் சாட்சியம். பொருந்தினால் மட்டுமே பெட்டி நம்பும். மூச்சுக்கதவிலும் அவ்வாறே இருவர்.

நிக்காஹ்வுக்கு இரு சாட்சி. ஒரு மனிதன் கால் விரலை அசைப்பதற்கும் இரு சாட்சி! ஸுப்ஹானல்லாஹ் என்றேன், என்னையறியாமல். தவம், "ஓம் சேர், எனக்கும் முதல் நாள் பாத்தபோது மயிர் கூச்செறிஞ்சது," என்றார். அவ்வேளை மட்டும் பீற்றல் இல்லை.

இன்னொன்று. ஐயம் எழுந்தால் கார் நின்றுவிடுவதில்லை. கதவைச் சிறிதே திறந்து வைத்துக்கொள்கிறது. ஊர்ந்து வீடு சேரும் அளவு. அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் கேட்காது. தெரியாதபோது வேகத்தை விட்டுவிடும் ஒரு பொருளை மனிதன் ஆக்கியிருக்கிறான். மேடையில் நாற்பதாண்டாய் நிற்கும் எனக்கு ஐயம் வந்தபோதெல்லாம் குரலை உயர்த்தத்தான் தெரிந்திருந்தது.

தவத்தின் முடிவு: மிதி பழுது. இன்னொரு காரிலிருந்து கழற்றிய மிதி மாற்றினார். ஓட்டினேன். பறந்தது.

வீட்டில் இரு சாட்சிகளைப் பற்றி நெடுநேரம் விளக்கினேன். நசீமா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இஞ்சருங்க, என்ட காலுக்கு ரெண்டு சாட்சி இரிக்கி எண்டா, என்ட வாய்க்கு ஒண்டுமில்லையா?"




கார்த்திகை 8, புதன்

மீண்டும் மழை. காற்றுடன்.

வற்புறுத்தி அனுப்பினேன். அவள் சாவியை எடுத்தாள். வாசலில் நின்று கையசைத்தேன், பெருமிதத்துடன்.

நற்பிட்டிமுனை தாண்டவில்லை. அதே சோர்வு, அதே இரு விளக்குகள். இம்முறை பின்னால் பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த வான். வான்காரர் நல்லவர், பொறுமையாக ஒதுங்கிச் சென்றார். அதுதான் இவளை உடைத்தது. "ஏசினாலும் பரவாயில்ல. அந்த வானுக்குள்ள என்ட புள்ளைகள் மூணு பேர் இரிந்த. என்னப் பாத்துக் கை காட்டுதுகள்."

சாவி ஆணியில்.

"நான் பென்சனுக்கு எழுதிக் குடுக்கப் போறன். ரோட்டுல எவரையும் நான் சாகடிக்க ஏலா."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதேனும் சொல்ல வாய்த்திருக்கும்.

ஹனீபா தொலைபேசியில்: "காரைக் குடுத்திருவமா மச்சான்? நல்ல ஆள் ஒண்டு இரிக்கி." தொலைபேசியை வைத்தேன்.

தவத்தை அழைத்தேன். மிதி பழுதல்ல என்றேன். மறுமுனையில் பீற்றல் இல்லாத குரல். அவரிடமிருந்து அது அரிது. "என்ட பிழைதான். கம்பியூட்டர் சொன்னதை நான் அப்பிடியே நம்பிட்டன். சேர், நாளைக்கு டீச்சரையும் கூட்டிற்று வாங்க."

"என்ன நிகழ்ந்தது என்று நானே விளக்கமாக..."

"நீங்க நல்லா விளங்கப்படுத்துவீங்க. அதுதான் கரைச்சல். எனக்கு ஓட்டின ஆள் வேணும்."

உரைக்குத் தொடக்கம் இல்லை.


கார்த்திகை 9, வியாழன்

தூறல். நசீமா விடுப்பு. வரமாட்டேன் என்றவள், "அவரு என்ட வாயக் கேக்கனெண்டு சென்னாரா?" என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்டு அபாயாவை அணிந்தாள்.

கராஜில் முதலில் வழுக்கும் விளக்கின் கதை. காரை முட்டில் ஏற்றி நான்கு சக்கரங்களும் நிலம் தொடாமல். தவம் என்னிடம், "சேர், உருட்டுங்க." முன்சக்கரம் ஒன்றைக் கையால் மெல்ல உருட்டினேன். திரையில் ஓர் எண் பிறந்தது. நிறுத்தினேன், இறந்தது. நான்கு சக்கரங்களுக்கும் நான்கு காவலர். ஈரத்தில் ஒரு சக்கரம் மட்டும் வீணே சுழன்றால், இழுவையைக் காக்கும் அமைப்பு அதைக் கண்டு, ஓட்டுநரைக் கேளாமலே மூச்சுக்கதவைச் சற்று மூடுகிறது. இமைப்பொழுதில். நாம் அறிவதேயில்லை. எத்தனை மழைகளில் எங்களை இவ்வாறு பிடித்து வைத்திருந்ததோ.

நால்வரும் நலம். எனில் அவ்விளக்கு ஏன்? "கதவு சொல்வழி கேக்குதில்லை எண்டு தெரிஞ்சா, இழுவைக்காரர் என்ன செய்வார்? என்னால இனிப் பொறுப்பெடுக்க ஏலாது எண்டு லைட்டைப் போட்டுட்டுப் போயிருவார்." ஆக, பாதை வழுக்கவில்லை. ஹனீபாவுக்குச் சொல்ல வேண்டும்.

பின் காரை இறக்கி, நசீமாவை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தினார். மூச்சிழுக்கும் குழலைக் கழற்றி மூச்சுக்கதவை எனக்குக் காட்டினார். முடுக்கினாள். பித்தளை நிறத் தட்டு, சிறு நடுக்கத்துடன் தன் இடத்தில் நின்றது. உயிருள்ள இமை போல.

"டீச்சர், திங்கக்கிழமை என்னென்ன செஞ்சீங்களோ அதை ஒழுங்கா செய்யுங்க."

நான்: "அவள் மதகில் ஏறும்போது..."

"சேர். நீங்க கொஞ்சம் கதைக்காம இருங்க. அவங்க கதைக்கட்டும்."

நாற்பதாண்டில் மேடையில் எவரும் என்னிடம் சொல்லாதது. நசீமா கண்ணாடிவழி என்னைப் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ ஓடியது.

"வார் போட்டன். பின்கண்ணாடியப் பாத்தன். கண்ணாடி எல்லாத்தையும் ஏத்தினன், மழை தானே. வைப்பர். புகைச்சி. ஏசியப் போட்டு, காத்த முழுசா வெச்சன்."

விசிறி இரைந்தது. என் கண்முன் தட்டு துடித்தது. தவம், "மிதியுங்க," என்றார். மிதித்தாள். தட்டு பாதி எழுந்து, தயங்கி, விழுந்தது. முன்தட்டில் இரு மஞ்சள் விளக்குகள்.

"நான் முதல் நாளே செல்லிட்டன்," என்றாள் நசீமா. "ஏசியப் போட்டன், காரு சோந்து போச்சி எண்டு. ஒருத்தரும் கேக்கல்ல."

உண்மை. திங்களன்று வாசலில், நனைந்தபடி, அதே சொற்களில் சொன்னாள். நான் கேட்டது டிப்பரைப் பற்றிய பகுதியை மட்டும்.

நான் ஓட்டும்போது ஏன் வருவதில்லை? தவம் கேட்டார், நான் ஏசி போடுவேனா என்று. தொண்டை, என்றேன். "அட கடவுளே," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இதன் பின் அவர் செய்ததைக் கண்டு இன்னும் நெஞ்சு விம்முகிறது. மின்னழுத்த அளவியின் ஒரு முனை மின்கலத்தின் எதிர்மின்முனையில். மறுமுனை, காரின் உடலில் கம்பிகள் முடிந்து பூட்டப்பட்ட இடங்களில் ஒவ்வொன்றாக. மின் எங்கு சென்றாலும் திரும்பி வர வேண்டும். காரின் இரும்புடலே அதன் திரும்பும் வழி. வழி நலமாயின் அளவி ஏறத்தாழச் சுழியம் காட்டும். காட்டியது. காட்டியது. இடப்பக்கம், கால் வைக்கும் இடத்தின் ஓரத் தட்டைக் கழற்றி உள்ளே ஒரு திருகாணியைத் தொட்டார். விசிறி ஓடாதபோது சுழியம். நசீமா விசிறியைப் போட்டதும் எண் ஏறிற்று. நிறுத்தினாள், இறங்கிற்று.

"இவடத்ததான். புரோக்கரும் விசிறியும் இந்த ஒரே வழியால திரும்பினம். வழியில முள் விழுந்திருக்கு. விசிறி இடிச்சுப் பிடிச்சு வந்தா புரோக்கருக்கு மூச்சு முட்டுது. கதவைத் திறக்கப் பலமில்லை."

திருகாணியில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது உப்பு. அதில் மூன்று கம்பிகளின் முனை வளையங்கள். கீழே இரண்டு மெலிந்தவை, காரோடு பிறந்தவை. மேலே ஒரு தடித்த கறுப்புக் கம்பி. வண்ணப்பூச்சைச் சுரண்டி, காரின் தோலை உரித்து, பூட்டியிருக்கிறார்கள்.

"இது காரின்ட இல்லையே. ஆர் போட்டது?"

அக்கம்பியை எனக்குத் தெரியும். என் ஒலிபெருக்கி. நோன்புக்கு முன் ஒரு கூட்டத்துக்காக மைக் செட் காரர் அவசரமாகப் பூட்டியது. பக்கத்தில் நின்று, சுறுக்காக, சுறுக்காக என்று விரட்டியவன் நான்.

"அறிவிப்புச் செய்யும்போது கார் ஒருநாளும் நின்றதில்லையே," என்றேன்.

"நீங்க அறிவிக்கும்போது எவ்வளவு வேகத்தில போவீங்க?"

நடை வேகம். ஊர்ந்து. ஊர்ந்துகொண்டிருக்கும் காரின் சோர்வை யார் காண்பார்?

தவத்துக்குக் கண் மின்னியது. "சேர், மைக்கை எடுங்க. ஒரு வசனம் கதைங்க. மேடையில கதைக்கிற மாதிரி."

விசிறி நிறுத்தப்பட்டது. ஒலிவாங்கியைப் பிடித்தேன். தவம் அளவியை என் கண்ணருகே பிடித்தார்.

"பெருமதிப்புக்குரிய பெருமக்களே!"

எண் துள்ளியது. பெரு, என்னும்போது ஓர் உயரம். மக்களே, என்னும்போது இன்னும். மூச்செடுத்த இடைவெளியில் வீழ்ந்தது. மீண்டும் கூறினேன், அடிவயிற்றிலிருந்து. எண் எகிறியது, மூச்சுக்கதவு துடித்துத் துவண்டது, இரு விளக்குகளும் எரிந்தன. என் குரலை இத்தனை ஆண்டும் காதால் மட்டும் அறிந்தவன், முதன்முறையாக எண்ணாகக் கண்டேன். அது இரும்பின் வழியே ஓடி, என் மனைவியின் காலடியில் ஒரு கதவை மூடுவதையும் கண்டேன்.

தெருவில் ஒரு முச்சக்கர வண்டி நின்றது. தலையை நீட்டி: "என்ன சேர், எலக்சன் வந்திட்டுதா?"

நசீமா சிரித்தாள். சுக்கானில் நெற்றியை வைத்து, தோள் குலுங்க. மூன்று நாட்களில் முதற் சிரிப்பு.


கார்த்திகை 10, வெள்ளி

வானம் வெளுத்தது. தொண்டை பரவாயில்லை.

தவம் திருகாணியைத் தேய்த்து, பளபளக்கும் வரை; மூன்றாவது வளையத்தை அகற்றி; ஒலிபெருக்கிக்கு மின்கலத்திலிருந்து தனியே போகவும் தனியே திரும்பவும் இரு கம்பிகள். பழைய மிதியையே திரும்பப் பூட்டினார். உப்பு ஏறாதிருக்க மேலே பசை. அளவியை என் கையில் தந்து என்னையே பார்க்கச் சொன்னார். விசிறி முழுமையாக, ஒலிவாங்கியில் முழங்கியபடி பார்த்தேன். சுழியத்தை ஒட்டி அசையாமல் நின்றது எண்.

ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்பு. ஹனீபா ஓட்ட, நான் ஒலிவாங்கியுடன். கடற்கரை வீதி முழுதும். மாளிகைக்காடு வரை. விளக்கு எரியவில்லை. வழியில் அவனிடம் கூறினேன்: பாதை வழுக்கவில்லை, கால் பிழைக்கவில்லை.

"அப்ப ஒங்கட சத்தமா மச்சான் காரை நிப்பாட்டின?"

"ஆம்."

"நான் ராத்தாவுக்கு எப்பவோ செல்லியிரிக்கன். இவர்ட சத்தம் ஒருநாள் ஆரையாவது குளத்தில தள்ளும் எண்டு." சொல்லவேயில்லை அவன். இப்போது பிறந்த கதை.

சாவி ஆணியில்தான். நசீமா அதைப் பார்ப்பதும் இல்லை. சரியாகிவிட்டது என்றேன். அளவியில் கண்டதைச் சொன்னேன். கணித ஆசிரியை அல்லவா:

"கராஜுக்குள்ள சரி. ஒருதரம் சரியா வந்தா நிறுவினதாகுமா? போன புதனும் சரி எண்டுதான் கை காட்டினீங்க."

"என்ன செய்தால் நம்புவாய்?"

"மதகு. மழை. ஏசி முழுசா. நீங்களும் வரணும்."

"நான் எதற்கு?"

"என்ட காலுக்குச் சாட்சி."

பென்சன் பேச்சை எடுக்கவில்லை. விட்டுவிடவுமில்லை.

மழை வேண்டி வானைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூட்டத்துக்கு முதல்நாள் நான் மழை வேண்டுவது இதுவே முதன்முறை.


கார்த்திகை 11, சனி

பெய்தது. சுபஹுத் தொழுகைக்குப் பின் தொடங்கி, சரம் சரமாய்.

பதினோராம் வகுப்புக்கு மேலதிக வகுப்பு. ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் தந்தாள். நான் திரும்பி அவள் கையில் வைத்தேன். ஒரு கணம் இருவரும் அதைப் பிடித்தபடி.

வார். பின்கண்ணாடி. எல்லாக் கண்ணாடியும் ஏற்றினாள். என் பக்கத்துக் கண்ணாடியையும் தானே ஏற்றினாள். விசிறி முழுமையாக. கழுத்தில் சால்வையை இருமடி சுற்றிக்கொண்டேன்.

நற்பிட்டிமுனை. அவள் மிதித்தாள், கார் சென்றது. நான் முன்தட்டை மட்டும் பார்த்திருந்தேன். விளக்கு இல்லை. சொறிக்கல்முனை. வயல்களில் நீர் ததும்பி, பாதை எது வயல் எது என்று தெரியாமல்.

"என்ன, ஒண்டும் கதைக்காம வாறீங்க?"

அவள் வலப்பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்ந்த செருப்பு. அதனடியில் இரு சாட்சிகள் அவள் சொல்லைக் கேட்டு, எழுதி, பொருத்தி, ஒவ்வொரு கணமும், ஓயாமல். பெட்டி நம்பிற்று. கதவு திறந்தது. நான்கு காவலரும் நான்கு சக்கரங்களில் விழித்திருந்தனர். இத்தனை பேர் விழித்திருக்க, ஒரு பெண் மழையில் கணக்குப் படிப்பிக்கப் போகிறாள்.

மதகு. சற்றே ஏற்றம். ஈரமண். ஒரு சக்கரம் வழுக்கியது, உடலில் உணர்ந்தேன். வழுக்கும் படம் ஒருமுறை சிமிட்டி அணைந்தது. இம்முறை சோர்ந்த விளக்கு அல்ல, பணி செய்யும் விளக்கு. தவம் முன்னரே சொல்லியிருந்தார். கார் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு, ஏறி, அப்பால் இறங்கியது.

நசீமா மூச்சை விட்டாள். நானும்.

"ஓம்," என்றாள். எனக்கல்ல. காருக்கு.

பள்ளிக்கூட வாசலில் குடையை விரித்து இறங்கினாள். காரைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். குடையும் ஒன்றே.

"நான் எவ்வாறு வீடு செல்வது?"

"சந்தியில பஸ் வரும். ஒங்களுக்குக் கூட்டம் அந்திக்குத்தானே."

பிள்ளைகள் அவளை நோக்கி ஓடிவந்தனர்.

சந்திக் கடையின் தாழ்வாரத்தில் இதை எழுதுகிறேன். பேருந்து வரவில்லை. இஞ்சித் தேநீர் கேட்க வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. குரல் முற்றாகக் கட்டிவிட்டது. அந்திக்குக் கூட்டம். தொடக்கம் கிடைத்துவிட்டது: 'நசீமா சொன்னாள்; நான் கேட்கவில்லை.' சொல்வதற்குத்தான் குரல் இல்லை.